கரையும் வரை

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு
மாவு சோதித்துச் சொல்வது என் வேலை.
அயோடின் ஒரு சொட்டு. நீலமானால் மாவு.
கிழங்கா, மக்காச்சோளம் கலந்ததா என்பதற்கு
நுண்ணோக்கி இருக்கிறது.
பதினேழு வருடத்தில் எந்த மாவும்
என் கண்ணெதிரே வேறொன்றாக மாறியதில்லை.

இதைத்தான் தொம்மையிடம் சொன்னேன்,
மெர்லினின் புதுநன்மைக்கு முந்தின இரவு
ஏற்காட்டில், அவன் எஸ்டேட் குவார்ட்டர்ஸில்,
தகரக் கூரைமேல் மே மாத மழை.
என் மச்சான். பேர்தான் தொம்மை,
விலாவில் விரல் விட்டுப் பார்க்கிற ஆள் இல்லை.

"நாளைக்கு ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமா?"
"விடக்கூடாது. விட்டா நீலமாகும்,
எனக்கும் தெரியும், சாமியாருக்கும் தெரியும்."
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நிறம், ருசி, எடை, உன் நீலம்
எல்லாம் அப்பத்தோடதுதான்.
அப்பம் மட்டும் அங்க இல்ல."
"அப்ப நான் சோதிக்கிறது எதை?"
"மிச்சத்தை."

எதிர்வீட்டு ஞானக்கண், சி.எஸ்.ஐ.காரர்,
காப்பியை ஆற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.
"ரெண்டு பேரும் தப்பு. அது நினைவு.
நினைவாச் செய்யுங்கன்னுதான் இருக்கு."
"'இது என் உடல்'னும் இருக்கு.
உடல் மாதிரின்னு இல்ல."
"'நானே வாசல்'னும் சொன்னாரே,
கீல் எங்கய்யா?"

வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டபடி பவுலின் சொன்னாள்:
"ஐந்நூறு ரூபா நோட்டும் காகிதந்தானே,
கிழிச்சுப் போடுங்களேன் பாக்கலாம்."
தொம்மை அவளையும் விடவில்லை.
"நோட்டு நாம ஒத்துக்கிறதால செல்லுது.
இது அப்படியில்ல. இவர் நம்பாட்டியும் அவர்தான்."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.
என்னைக் கேட்காமலே
முடித்து வைத்த கணக்கு.

காலையில் பனிமூட்டம் கோவிலுக்குள்ளும் வந்திருந்தது.
கடைசி பெஞ்சில் நான்.
மணி அடித்தது, சாமியார் தூக்கிப் பிடித்தார்,
தூரத்தில் ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான்.
வரிசையில் மூன்றாவதாக மெர்லின்.
வாங்கினாள், திரும்பினாள்,
அம்மாவின் பெஞ்சைத் தாண்டி நேரே என்னிடம் வந்து
என் உள்ளங்கையில் துப்பினாள்.
"மேல ஒட்டிக்குதுப்பா."

ஈரமாக, பாதி நிலா அளவு, ஒரு பல் தடம்.
சட்டைப்பையில் அயோடின் குப்பி.
கொண்டுபோயிருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.
கையை மூடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை.
கால் கிராம் இருக்குமா?
மணிக்கட்டு நடுங்கியது.
குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் ஒருவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு வந்தார்.
"இதுல விடுங்க. கரைஞ்சதும் மண்ணுல ஊத்திடுவோம்."
"கரைஞ்சா?"
"அப்பத்தோட உருவம் போயிட்டா
அதுல அவர் இருக்கமாட்டார்."
மாவு கரையாது சிஸ்டர், படியும்
என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஞாயிறு மாலையே இறங்கியிருக்க வேண்டும்.
காய்ச்சல் என்று ஆலைக்கு போன் செய்துவிட்டு
செவ்வாய் வரை தங்கினேன்.
காலையும் மாலையும் போய் டம்ளரைப் பார்த்தேன்.
என் தொழிலும் அதுதானே,
தொட்டியோரம் நின்று
பால் தெளிவதற்குக் காத்திருப்பது.
விளிம்பு உதிர்ந்தது, பல் தடம் போனது,
பிறகு ஒரு கலங்கல்.

செவ்வாய் காலை, மிளகுக் கொடி ஏறிய
சில்வர் ஓக் அடியில் சிஸ்டர் ஊற்றினார்.
செம்மண்ணில் ஒரு வெளிறிய கோடு,
அதையும் மண் குடித்துவிட்டது.

"எந்த நிமிஷம் தொம்மை?" என்றேன்.
"எப்ப அவர் அதுல இல்லாமப் போனார்?"
நக்கலுக்குக் கேட்கவில்லை.
அவன் வாயைத் திறந்து, மூடி,
மரத்தைப் பார்த்தான். "தெரியலையே."
இத்தனை வருடம் அந்த முகத்தைப் பார்க்கத்தான் வாதாடினேன்.
பார்த்தபோது பிடிக்கவில்லை.
தோளைத் தட்டி, காப்பி குடிக்கலாம் வா என்றேன்.

இறங்குகிற பஸ்ஸில், பதினாலாவது வளைவில்
ஜன்னலில் தலை சாய்த்திருந்தவள் கேட்டாள்:
"அடுத்த வாரம் தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போலாமாப்பா?"

எடுத்து வைக்கிறேன் என்றேன்.